மகாலிங்கத்தின் இருபத்துமூன்று சொற்கள்

மகாலிங்கத்துக்கு ஸ்பானிஷில் இருபத்துமூன்று சொற்கள் தெரியும். அவரைக் கேட்டால் இப்படிச் சொல்லமாட்டார். "ஓரளவுக்குச் சமாளிப்பன்" என்று கண்ணை மூடித் திறந்து ஒரு அடக்கம் காட்டுவார். எண்ணிப் பார்த்தவள் அவருடைய மனைவி ரதி. இருபத்தாறு வருசம் ஒரு மனுசனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் வாயில் இருக்கிற சரக்கு எவ்வளவு என்று தெரியாதா?

அந்தச் சரக்கு வந்த வழியும் அவளுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டு கோடை தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. பேப்பரை ரதி மீன் வெட்ட விரித்தாள். சிடியை மகாலிங்கம் எடுத்துக்கொண்டார். லண்டன் ஹரோவிலிருந்து வேலைக்குப் போகிற மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்தபடி போவார். மொத்தம் பன்னிரண்டு பாடம். மூன்றாவது முடிவதற்குள் பயண நாள் வந்துவிட்டது. மற்ற ஒன்பதும் தேவையில்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பயணம் பத்து நாள். வலென்சியாவுக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர், சின்ன ஹோட்டல். அங்கே மகாலிங்கம் கையாண்ட முறை மிகவும் சுலபமானது. எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் முகம் நிறையச் சிரித்து "ஸி, ஸி" என்பார். ஆமாம், ஆமாம். அதற்கு மேலும் அந்த ஆள் பேசினால் "கிராசியாஸ்" என்று நன்றி சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால் "அடியோஸ்" என்று விடைபெற்றுவிடுவார். விளங்கவில்லை, இன்னொருக்கால் சொல்லுங்கள் என்று கேட்க சிடியில் வசனம் இருந்தது. இரண்டாவது பாடத்திலேயே இருந்தது. அதை அவர் கற்கவில்லை. விளங்காத ஆளுக்குத்தானே அது வேண்டும்?

முதல் வெள்ளிக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறிச் சாப்பாடு சொல்கிறேன் என்று மெனுவில் விரலை வைத்துப் பரிசாரகனோடு ஐந்து நிமிடம் பேசினார். வந்தது கணவாய்க்கு அண்ணன் மாதிரி எட்டுக் காலோடு ஒன்று. கல்யாணம் கட்டின நாளிலிருந்து வெள்ளியில் முட்டைகூடத் தொடாத மனிதர் அவர். தட்டைப் பார்த்தார், ரதியைப் பார்த்தார், முள்ளுக்கரண்டியை எடுத்தார். "இதைத்தான் நான் கேட்டனான்" என்றார். கடைசிக் கால் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட விரதம் முறிவது அவருக்குச் சின்ன விசயம். ரதி அன்று பாண் ரொட்டியும் தக்காளியும் தின்றாள்.

ரதிக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், அதனால் பிழைத்துக்கொண்டாள். சந்தையில் வெங்காயத்தைத் தொட்டு நான்கு விரலைக் காட்டினாள். தலைவலிக்குப் பார்மசியில் நெற்றியைப் பிடித்து முகத்தைச் சுளித்தாள். விளங்காவிட்டால் தலையை ஆட்டிக் கையை விரித்தாள். அவர்கள் மறுபடியும் காட்டினார்கள். அறை துப்புரவாக்க வந்த ரொசாரியோ என்ற பெண்ணோடு இப்படியே சிநேகமும் பிடித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும், முழங்காலில் வாதம். ரதி லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு போன பயத்தம் பணியாரத்தில் நான்கைந்தைக் கொடுத்தாள். அவள் மறுநாள் இரண்டு குளியல் துவாய் கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் ரொசாரியோ ரதியின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி இதென்ன என்று புருவத்தால் கேட்டாள். அந்தக் கயிறு கழுத்துக்கு வந்ததற்குக் காரணம் குமுதினி. தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் கடை வைத்திருக்கிற யோகராஜாவின் மனைவி. எந்த நாட்டுக்கு யார் போனாலும் அங்கே நடந்த களவுகளைக் கணக்காகச் சொல்லி வழியனுப்புவாள். "ரதியக்கா, ஸ்பெயினிலை கொடியைக் கழுத்தோடை அறுத்துக்கொண்டு ஓடுவாங்கள்" என்றாள். அதைக் கேட்டு ரதி பதினொரு பவுண் தாலிக்கொடியைக் கழற்றிக் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு, மஞ்சள் துண்டு கட்டின கயிறோடு விமானம் ஏறினாள். கொடியை லண்டனிலேயே விட்டுப் போக மனம் வரவில்லை. ஹோட்டல் பெட்டகத்தில் வைக்க மகாலிங்கம் விடவில்லை; சாவி கள்ளன் கையில்தான் இருக்கும் என்றார். அதனால் தலையணை உறைக்குள் செருகிவிட்டு அதன்மேல் படுத்தாள். காலையில் எடுத்துக் கைப்பைக்குள் வைப்பாள்.

ரொசாரியோ கேட்டபோது ரதிக்கு ஒரு பெருமை வந்தது. தலையணை உறைக்குள்ளிருந்து கைலேஞ்சியை எடுத்து அவிழ்த்துக் கொடியைக் காட்டினாள். கழுத்தைத் தொட்டு, கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மகாலிங்கத்தைச் சுட்டினாள். ரொசாரியோ தன் மோதிர விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு குறட்டையைப் பார்த்து இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

லண்டனுக்குத் திரும்பிய இரவு கைப்பையைக் கொட்டிப் பார்த்தபோது கொடி இல்லை. அன்று காலை புறப்படும்போது மகாலிங்கம் ஏர்போர்ட் கோச் வந்துவிட்டது, கோச் வந்துவிட்டது என்று குதித்த குதியில் எடுத்தாளா, விட்டாளா என்று ரதிக்கு நினைவு வரவில்லை. சூட்கேஸ்களைப் புரட்டினாள். நிலத்தில் இருந்து அழுதாள்.

"ஹோட்டலுக்குப் போன் அடிச்சுக் கேளுங்கோ" என்றாள் மறுநாள் காலை. "இங்கிலீஷிலை கேளுங்கோ."

"அவைக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? அவையின்ரை பாசையிலை கேட்டால்தான் அலுவல் நடக்கும்" என்று மகாலிங்கம் போனை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தார். "இல்லையாம். ஒண்டும் கிடைக்கேல்லையாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் துப்புரவுக்காரிதான். நீரே அவவுக்கு அவிழ்த்துக் காட்டியிருக்கிறீர். வேறை ஆருக்குத் தெரியும் தலையணைக்குள்ளை இருக்கெண்டு?" என்றார்.

ரதிக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. சேர்ந்து சிரித்தவளே எடுத்தாள் என்று நம்பியபோது ஆத்திரம் இரட்டிப்பானது. நாசமாய்ப் போவாள் என்று வாய்விட்டுத் திட்டினாள். மகாலிங்கம் அழகான இங்கிலீஷில் பயணக் கம்பனிக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். ரொசாரியோ என்ற பெயர், அறை எண், அவளுக்குக் கொடியைக் காட்டிய நாள் எல்லாம் அதில் இருந்தது. பொருள் உம்முடையது, நீர் கையெழுத்து வையும் என்றார். ரதி வைத்தாள்.

ஐந்து கிழமை கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டார். சாப்பாடு ஒரு சாட்டு. ஸ்பெயினில் எடுத்த வீடியோவைக் காட்ட அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. யோகராஜாவும் குமுதினியும் மிச்சத்திலிருந்து வந்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற கிருஷ்ணமூர்த்தியும் கல்யாணியும் வந்தார்கள். அவர்கள் சென்னைப் பக்கம். அவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஊர் ஊராக மாற்றி அனுப்புவார்களாம். கல்யாணி அதிகம் பேசாத பெண். வந்து ஒரு வருசமாகியும் மகாலிங்கம் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவர் யாரிடமும் கேட்பதில்லை, சொல்வதோடு சரி.

"ஓலா! ஓலா!" என்று வாசலிலேயே வரவேற்பு. ஆட்டிறைச்சிக் கறியைப் போட்டுக்கொண்டே ஸ்பானிஷ் எவ்வளவு இலேசான பாசை என்று அளந்து விடத் தொடங்கினார். யோகராஜாவுக்கு இதில் கேள்வியே இல்லை. அண்ணை சொன்னால் சரிதான்.

"பத்து நாளிலை பிடிச்சிட்டியள் அண்ணை. எனக்கெண்டால் ஏலாது."

"பயப்பிடக் கூடாது, அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணி, உங்களுக்கும் நான் நாலைஞ்சு சொல்லுப் பழக்கிவிடுறன். எங்கையாவது போனால் உதவும்."

"சரிங்க சார்" என்றாள் கல்யாணி. கிருஷ்ணமூர்த்தி ஏனோ தண்ணீர்க் கிளாசைத் தூக்கி வெகுநேரம் குடித்தார்.

வீடியோவுக்கு முன்னால் மகாலிங்கம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கேட்க வாசித்தார். பயணக் கம்பனியின் பதில், வியாழக்கிழமை வந்தது. விசாரித்தோம், வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட துப்புரவுப் பணியாளர் இப்போது அந்த வேலையில் இல்லை என்று இருந்தது. கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரு கடிதம்! பாத்தியளே? கள்ளியைக் கலைச்சுப் போட்டாங்கள்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் குமுதினி.

ரதி சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அந்த வரியை வாசித்தபோது அவளுக்கு ஒரு திருப்தி வந்தது உண்மை. இன்று அவர் வாயால் கேட்க அது என்னவோ போல் இருந்தது. கள்ளி போனாள் என்கிறார்கள், கொடி எங்கே என்று ஒரு வரி இல்லையே என்று யோசித்துக்கொண்டு கழுத்துக் கயிற்றைத் தடவினாள்.

வீடியோ ஓடியது. கடல் வந்தது, கோயில் வந்தது, கோயிலை மறைத்துக்கொண்டு மகாலிங்கம் வந்தார். ஒரு மணி நேரம் கழித்து யோகராஜா கொட்டாவியை மூக்கால் விடப் பழகியிருந்தார். கடைசியில் லண்டனுக்குப் புறப்பட்ட நாள் காலை வந்தது. கோச் வாசற்படியில் நின்று மகாலிங்கம் ஹோட்டலைப் படம் பிடிக்கிறார். நீலச் சட்டையோடு ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோச்சை நோக்கி ஓடிவருகிறாள்.

"இந்தா வாறா, ஆள் இவதான்!" என்று மகாலிங்கம் எழும்பி ரீவியைத் தொட்டுக் காட்டினார். "எவ்வளவு நடிப்பெண்டு பாருங்கோ. எங்களை வழியனுப்ப வாறாவாம்."

ரொசாரியோ மூச்சு வாங்கப் பேசினாள். கழுத்தைத் தொட்டாள். ஹோட்டல் வாசலைக் காட்டினாள். கமெராவுக்குப் பின்னாலிருந்து மகாலிங்கத்தின் குரல் கணீரென்று "ஸி, ஸி" என்றது. அவள் மறுபடியும் ஏதோ கேட்டாள். "ஸி, ஸி." இன்னும் ஏதோ கேட்டாள். "ஸி. கிராசியாஸ். அடியோஸ்!" அவள் நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தாள். கோச்சின் உள்ளேயிருந்து ரதியின் குரல் கேட்டது: "என்னவாம்?" அதற்கு மகாலிங்கத்தின் குரல்: "நல்லபடியாய்ப் போயிட்டு வாங்கோவாம், அடுத்த வருசமும் வரட்டாம்."

"சார்" என்றாள் கல்யாணி. "அந்த இடத்த இன்னொரு தடவ போடறீங்களா?"

"ஏன், நல்லாயிருக்கோ?"

"போடுங்க சார்."

அந்தக் குரலில் முதல் முறையாக ஒரு கண்டிப்பு இருந்தது. மகாலிங்கம் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். கல்யாணி சோபா விளிம்புக்கு வந்து குனிந்து கேட்டாள். முடிந்ததும் ரதியைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நாங்க மெக்சிக்கோல மூணு வருசம் இருந்தோம். எனக்கு ஸ்பானிஷ் தெரியும்."

மகாலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே கிடந்தது, எடுத்துவைக்க மறந்த துணி மாதிரி.

"என்ன சொல்லுறா?" என்று ரதி கேட்டாள். ஐந்து கிழமைக்கு முன் கோச்சில் கேட்ட அதே கேள்வி.

"உங்க வீட்டம்மாவோட தங்கக் கொடி தலையணை உறைக்குள்ள இருந்துச்சு, ரிசப்ஷன்ல குடுத்திருக்கேன்னு சொல்றாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம், ஒரு நிமிஷம் இறங்கி வரச் சொல்லுங்கங்கறாங்க. சார் ஆமான்னு சொல்றார். டிரைவரக் கொஞ்சம் நிக்கச் சொல்றீங்களான்னு கேக்கறாங்க. அதுக்கும் ஆமாங்கறார்." கல்யாணி நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ."

"இப்ப முடியலன்னா பத்திரமா வெச்சிருக்கோம், ஊருக்குப் போய் போன் பண்றீங்களான்னு கேக்கறாங்க. சார் ஆமான்னு சொல்லி, நன்றி சொல்லி, போயிட்டு வர்றேங்கறார். நல்லதாப் போச்சு, கடவுளே, நீங்க கேக்கற வரைக்கும் யாரும் அதத் தொடமாட்டாங்கன்னு சொல்லிட்டுச் சிரிக்கறாங்க."

ரதி ரீவியைப் பார்த்தாள். படம் நின்ற இடத்தில் ரொசாரியோ நெஞ்சில் கையோடு நின்றாள். நடிப்பு இல்லை. ஒரு பாரம் இறங்கிய மனுசியின் முகம் அது. வாத முழங்காலோடு ஓடிவந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆமாம் என்ற பதிலை நம்பித் திரும்பிப் போயிருக்கிறாள். அவளைத்தான் ரதி நாசமாய்ப் போகச் சொன்னாள். ரதிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"இது... அவை வேகமாய்க் கதைக்கிறவை" என்றார் மகாலிங்கம். "அந்தப் பக்கத்துப் பேச்சே வேறை."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ரதி ஹோட்டல் நம்பரை எடுத்துவந்து போனைக் கல்யாணியிடம் நீட்டினாள். கல்யாணி பேசினாள். இவ்வளவு நாளும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் வாயிலிருந்து ஸ்பானிஷ் கடகடவென்று வந்தது. இடையில் "கொஞ்சம் இருங்க" என்று எதிர்ப்பக்கத்திடமே தமிழில் சொல்லிவிட்டு ரதியிடம் திரும்பினாள்.

"இருக்காம் அக்கா. ரூம் நம்பர் எழுதின கவர்ல, டிராயர்ல இருக்காம். நீங்க போன் பண்ணுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாங்களாம்."

"இவரும் போன் அடிச்சவர்தானே! இல்லையெண்டு சொன்னவையாமே?"

கல்யாணி கேட்டாள். கேட்டுவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று கிருஷ்ணமூர்த்தியை ஒரு தரம் பார்த்தாள்.

"லண்டன்லேர்ந்து ஒருத்தர் பண்ணினாராம். கொடி இங்கதான் இருக்கு, எந்த அட்ரசுக்கு அனுப்பட்டும்னு ரிசப்ஷன்காரர் கேட்டாராம். அவரு ஸி, ஸி, கிராசியாஸ்னு சொல்லிட்டு வெச்சிட்டாராம்."

யோகராஜா நிலத்தைப் பார்த்தார்.

"ரொசாரியோ?" என்றாள் ரதி.

அதற்குக் கல்யாணி கொஞ்சம் அதிக நேரம் பேசினாள். "துப்புரவு வேலை வேற ஒரு கம்பெனியோடதாம். லண்டன்லேர்ந்து பேர் போட்டு எழுத்துல கம்ப்ளெயின்ட் வந்ததும் நிறுத்திட்டாங்களாம். அந்தக் கம்பெனிக்காரங்க ரிசப்ஷன்ல ஒரு வார்த்தகூடக் கேக்கலயாம். பதினாலு வருசமா அங்க வேல பாத்தவங்களாம் அக்கா. வீடு பக்கத்துத் தெருதானாம்."

மகாலிங்கத்துக்கு இதற்குள் உயிர் திரும்பியிருந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு எழும்பினார். "சரி, எங்கடை பொருள் பத்திரமாய் இருக்குத்தானே? அதுதான் முக்கியம். அவவுக்கு வேறை வேலை கிடைக்கும். தங்கச்சி, எங்கடை அட்ரஸைக் குடுங்கோ, அனுப்பட்டும். ரதி, பாயாசத்தைக் கொண்டுவாரும்."

ரதி பாயாசம் கொண்டுவரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து கடிதக் கொப்பியையும் பேனையையும் எடுத்தாள். கறிப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அவற்றை அவர் முன்னால் வைத்தாள்.

"இருங்கோ. எழுதுங்கோ."

"இப்பவே? ஆக்கள் இருக்கினம்..."

"ஆக்களுக்கு முன்னாலைதானே அவவைக் கள்ளியெண்டு வாசிச்சனீங்கள்? கள்ளியெண்டு எழுதின அதே இங்கிலீஷிலை எழுதுங்கோ. அந்தப் பெண் எடுக்கேல்லை. எடுத்துப் பத்திரப்படுத்தி, எங்களுக்குப் பின்னாலை ஓடிவந்து சொன்னவ. எனக்கு விளங்கேல்லை, விளங்கினமாதிரி நடிச்சனான் எண்டு எழுதுங்கோ. போனிலையும் அப்படித்தான் நடிச்சனான் எண்டு எழுதுங்கோ. பழிக் கடிதத்திலை என்ரை கையெழுத்து. அதுக்கு நானே அவவின்ரை வாசலிலை போய் நிண்டு மன்னிப்புக் கேப்பன். இந்தக் கடிதத்திலை உங்கடை கையெழுத்துத்தான்."

"ரதி, கொஞ்சம் யோசிச்சு..."

"கல்யாணி, கொடியை அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அங்கையே கிடக்கட்டும். அவவுக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும், பிறகு நான் போய் அவவின்ரை கையாலை வாங்குறன். அதுவரைக்கும் எனக்கு இந்தக் கயிறு போதும்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னது விளங்கினதோ?"

மகாலிங்கத்தின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு கிளம்பியது. வாயும் திறந்தது. ரீவியில் ரொசாரியோ இன்னும் நெஞ்சில் கையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை" என்றார். "இன்னொருக்காச் சொல்லும்."

ரதி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.